வராதவருடன் ஓர் ஆட்டம்

லாங் ஐலண்டில் கப்பலை விட்டு இறங்கி, டோங்கி என்று தீவில் சொல்லும் துடுப்புப் படகில் ஒன்றரை மணி நேரம் போனால் எங்கள் மர டிப்போ வரும். 1963 ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட மறுநாள், ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு குடையுமாக அங்கே போய் இறங்கினேன். ஜெட்டி கிளார்க் உத்தியோகம், அதாவது படகுத்துறைக் கணக்குப்பிள்ளை. என் பெயர் ஜம்புலிங்கம், சொந்த ஊர் மன்னார்குடி. ஆனால் அங்கே ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தீவில் பேனா பிடித்தவன் எல்லாம் 'பாபு'தான்.

மேட்டின் மேல் ஒரு பழைய மர பங்களா. வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் யுத்தத்துக்கு முன்னால் கட்டியது. ஒரு பக்கம் என் ஆபீஸ், இன்னொரு பக்கம் என் படுக்கை, நடுக்கூடம் முழுக்க ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை. யுத்தத்தின்போது ஜப்பான்காரர்கள் அதன்மேல் படுத்துத் தூங்கினார்களாம். கரையான் ஏறாமலிருக்க அதன் கால்கள் எட்டும் மண்ணெண்ணெய் டப்பாக்களில் நின்றன. கூடத்துக்குள் நுழைந்தாலே ஈர மரமும் மண்ணெண்ணெயும் வௌவால் எச்சமும் கலந்த ஒரு வாடை வரும். இரண்டு நாளில் அது பழகிவிட்டது.

பங்களாவைப் பார்த்துக்கொண்டவர் காயல்பட்டினத்து சிராஜ் பாய். தினமும் காலையில் கரிப் பெட்டி போட்டு அந்த மேஜையின் பச்சைத் துணியைத் தேய்ப்பார். அவருடைய சொந்தச் சட்டை ஒருநாளும் இஸ்திரி பார்த்ததில்லை. ஆட யாருமே இல்லாத மேஜைக்கு எதற்கு இவ்வளவு உபசாரம் என்று கேட்டேன். ஆளில்லாவிட்டால் என்ன, தனியாக ஆடலாமே என்று கியூ கோலை என் கையில் கொடுத்தார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் வெள்ளைப் பந்து ஒன்றை மட்டும் வைத்துப் பழகினேன். நேராக அடிக்க வேண்டும், அது எதிர்ப்பக்கம் மோதித் திரும்பி, அடித்த கோலின் முனைக்கே வந்து தொட வேண்டும். ஒரு வாரம் வரவேயில்லை. கோல் வளைந்திருக்கிறது என்றேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று சிராஜ் பாய் சிரித்தார். பிறகு பத்துச் சிவப்புப் பந்துகளை நடுவில் வரிசையாக வைத்து, ஒன்றை ஒன்று இடிக்காமல் ஓரத்துப் பைகளில் தள்ளும் பயிற்சி. அதற்குப் பிறகு இடக்கைக்கும் வலக்கைக்கும் பந்தயம். மழை கொட்டும் மதியங்களில் அதைப்போல் ஒரு சுகம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. பந்து பைக்குள் விழும் அந்தச் சின்னச் சத்தம் கேட்டால், ஊரையும் மறந்தேன், கல்யாணம் ஆகாத கவலையையும் மறந்தேன்.

கடைசியாக அவர் சொல்லிக்கொடுத்த ஆட்டம்தான் 'வராதவர்'. வெள்ளைக்காரர் தனியாக ஆடியது அதுவாம். எதிராளி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கென்று ஒரு நாற்காலி, ஒரு கோல். நீ தவற விடும்வரை உன் முறை. பத்துப் பந்தும் விழுந்தால் மறுபடி அடுக்கித் தொடரலாம். ஒன்று தவறினாலும் முறை அவருக்குப் போய்விடும். அவர் தவற விடுவதே இல்லை, ஆகவே ஆட்டம் அவருடையது. அவருடைய கோலை மேஜைமேல் வைத்துவிட்டு, அவர் ஆடி முடிக்கிற நேரம் நீ பேசாமல் உட்கார வேண்டும்.

"முறைக்கு நடுவுல டேபிள விட்டு எழுந்து போகக் கூடாது பாபு," என்றார் சிராஜ் பாய். "வராதவராச்சேன்னு நெனைக்காதீங்க. அவருக்கும் இஜ்ஜத், மரியாத இருக்குல்ல."

என்னுடைய அதிகபட்சம் பதினான்கு பந்து. அதற்குமேல் ஒருநாளும் தாண்டியதில்லை.

இனி என் வேலையைச் சொல்ல வேண்டும். எதிர்க்கரையில் மரம் வெட்டும் கேம்ப். நடுவில் கிரீக், அதாவது கடல் உள்ளே புகுந்து கிடக்கும் உப்பாறு. கடல் ஏறியிருந்தால் டோங்கி இருபது நிமிடத்தில் போய்ச் சேரும். நீர் வடிந்துவிட்டால் நடுவில் இடுப்புக்கு மேல் சேறு. டோங்கியும் போகாது, மனிதனும் போக முடியாது. எதிர்க்கரையில் ஒரு மரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது. மும்மூன்றாக அடித்தால் ஆபத்து, உடனே டோங்கி அனுப்பு என்று அர்த்தம். அந்தச் சத்தம் மேட்டுப் பங்களாவுக்குத்தான் நன்றாகக் கேட்கும். கேட்டதும் நான் இறங்கி ஓடி, மேட்டுக்குப் பின்னால் கூலிக்காரர் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து ராஞ்சிக்காரப் படகோட்டிகளைக் கிளப்ப வேண்டும். கம்பவுண்டரும் மருந்தும் எங்கள் கரையில்தான். என் உத்தியோகத்தில் உயிர் சம்பந்தப்பட்ட காரியம் அது ஒன்றுதான்.

ஆகஸ்டு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சிராஜ் பாய் சாமான் வாங்க ரங்கத் பஜாருக்குப் போயிருந்தார். மதியம் இரண்டு மணி. நான் பதினைந்தாவது பந்தைப் போட்டிருந்தேன். என் கை எனக்கே புதிதாக இருந்தது. வெள்ளைப் பந்து நான் நினைத்த இடத்தில் போய் நின்றது.

அப்போது இரும்புச் சத்தம் கேட்டது.

மூன்று. சற்று இடைவெளி. மறுபடி மூன்று.

கேட்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மழை இரைச்சல் என்றும் சொல்ல மாட்டேன். தெளிவாகக் கேட்டது. 'இந்த ஒன்று தவறட்டும், போய்விடலாம்' என்று நினைத்தேன். முறைக்கு நடுவில் எழுந்து போகக் கூடாதே என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். அந்த ஒன்று தவறவில்லை. அடுத்ததும் தவறவில்லை. சுளுக்கு, கீறல், குடித்துவிட்டு விளையாட்டு என்று ஏதாவது இருக்கும், நேரம் இருக்கிறது, இப்போதுதான் கடல் வடியத் திரும்பியிருக்கிறது. இரும்பு அடித்துக்கொண்டே இருந்தது. நான் அடுக்கினேன், அடித்தேன், அடுக்கினேன்.

நாற்பத்து மூன்றாவது பந்து தவறியது. மணி இரண்டு நாற்பது.

நான் படகோட்டிகளைக் கிளப்பி ஜெட்டிக்கு ஓடினேன். டோங்கி பாதி தூரம் போய்ச் சேற்றில் தட்டி நின்றது. எதிர்க்கரையில் கேம்ப் மரவெட்டி ராஜமாணிக்கத்தைக் கிடத்தியிருந்தார்கள். யானை இழுத்த கட்டை உருண்டு தொடையை நசுக்கிவிட்டது. காட்டுக்குள்ளிருந்து தூக்கிக்கொண்டு அவர்கள் கரைக்கு வந்தது இரண்டரைக்கு. நான் நேரத்தோடு போயிருந்தால் டோங்கி அதற்கு முன்பே அங்கே காத்திருந்திருக்கும்.

டோங்கியிலிருந்து குதித்தேன். இடுப்பளவு சேற்றில் பத்தடி போனேன், மார்பளவு ஆனதும் படகோட்டிகள் இழுத்துப் போட்டார்கள். மறுபடி நீர் ஏற இரவு பதினொன்று ஆகும். ராஜமாணிக்கத்தின் மனைவி அன்னம்மாள் லைன் வீட்டிலிருந்து ஓடி வந்து ஜெட்டியில் நின்றாள். நடுவில் இருந்தது இரண்டு பர்லாங் சேறுதான். ராஜமாணிக்கம் கையைத் தூக்குவது எங்களுக்குத் தெரிந்தது. தீவில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். இருட்டும்போது அந்தக் கை தூக்குவதை நிறுத்தியிருந்தது.

எத்தனை மணிக்கு இரும்புச் சத்தம் கேட்டது என்று மேனேஜர் பாலசுப்பிரமணியம் விசாரித்தார். இரண்டு முப்பத்தைந்து என்றேன்.

சொல்லும்போது என் குரல் நடுங்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

இரும்பை அடித்தவன் ஜெகநாதன், அன்னம்மாளின் உடன்பிறந்த தம்பி. கட்டை உருண்டதுமே அவனைத்தான் முன்னால் ஓடவிட்டிருந்தார்கள். இரண்டு மணியிலிருந்து அடித்தேன் என்று அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. மதியத்தில் கொஞ்சம் போட்டுக்கொண்டு படுக்கிற பழக்கம் அவனுக்கு உண்டு. வழியில் எங்கேயோ படுத்துவிட்டான் என்று முடிவாயிற்று. வேலை போயிற்று, அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்புவது என்று உத்தரவு. அக்கா அவன் முகத்தில் விழிக்கவில்லை. அவள் வீட்டு வாசலில் அவன் நின்றால் கதவைச் சாத்தினாள்.

எனக்கோ ஒரு தூக்குச்சட்டியில் மீன் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். "பாபு மட்டும்தான் எங்க வீட்டுக்காரருக்காகச் சேத்துல எறங்குனாக" என்று எல்லோரிடமும் சொன்னாள். அந்தக் குழம்பை நான் சாப்பிடவில்லை, கொட்டவும் துணிவு வரவில்லை. அது புளித்துப்போகும்வரை ஜன்னலில் இருந்தது.

மழையைக் காரணம் சொல்லி எதிர்க்கரை கேம்பை மூடிவிட்டார்கள். தண்டவாளத் துண்டைக் கழற்றி வந்து என் ஆபீஸ் மேஜைக்கடியில் போட்டார்கள். ஜெகநாதனின் கப்பலுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

கேம்பை மூடிய மறுநாள் மதியம் கோலைக் கையில் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள். சும்மா உட்கார்ந்தால் அந்தக் கை தூக்குவது தெரிந்தது.

பத்து விழுந்தது. இருபது விழுந்தது. ஐம்பது. வேண்டுமென்றே ஓர் ஓரத்தைப் பார்த்துக் கோணலாக அடித்தேன். பந்து மூன்று பக்கமும் மோதி, மெதுவாக உருண்டு, பைக்கு முன்னால் நின்றது.

நின்றது.

பிறகு விழுந்தது.

நான் கோலைக் கீழே போட்டேன். கூடத்தில் நீர் வடிந்த கிரீக்கின் சேற்று வாடை வந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

அந்த நிமிடத்தில் இரும்புச் சத்தம் கேட்டது. மும்மூன்றாக.

ஆபீசுக்கு ஓடினேன். தண்டவாளத் துண்டு மேஜைக்கடியிலேயே கிடந்தது. குனிந்து தொட்டேன்.

அதிர்ந்துகொண்டிருந்தது.

சிராஜ் பாயைக் கூப்பிட்டேன். அவருக்குச் சத்தம் கேட்கவில்லை. சேற்று வாடை மட்டும் தெரிந்தது போலும், மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டார். கூடத்து ஜன்னல்களைத் திறக்கப் போனார். சத்தம் நிற்கவில்லை. காதைப் பொத்தினாலும் கேட்டது. கடைசியில் எப்படியோ எனக்குப் புரிந்தது. திரும்பிப் போய்க் கோலை எடுத்து ஒரு பந்தை அடித்தேன். சத்தம் நின்றது.

அதிலிருந்து தினமும் இரண்டு மணிக்கு ஆரம்பம். ஆடினால் அமைதி, நிறுத்தினால் இரும்பு. இரண்டு நாற்பதுக்குத் தானாக ஓயும். அந்த நாற்பது நிமிடமும் ஒரு பந்துகூடத் தவறாது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன், விழுந்தது. இடக்கையால் அடித்தேன், விழுந்தது. ஒரே ஒரு பந்து தவறாதா என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, மும்மூன்றாக அடித்தது.

விபத்து நடந்து பத்தாம் நாள், வியாழக்கிழமை. மறுநாள் காலை ஜெகநாதன் லாங் ஐலண்டுக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். மணி இரண்டு ஆயிற்று. இரும்பு ஆரம்பித்தது. நான் கோலை எடுக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கினேன். பத்து நாள் முன்னால் ஓட வேண்டிய பாதை அது. மேனேஜர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் விசாரணை நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு, எழுதிக் கொடு, ஆனால் முதலில் அந்த இரண்டு பேரிடமும் போய் உன் வாயால் சொல் என்றார்.

ஜெகநாதன் பெட்டியோடு பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் கேட்கும்படி அன்னம்மாளின் வாசலில் நின்று சொன்னேன். இரண்டு மணிக்கே கேட்டது. நாற்பது நிமிடம் நான் வரவில்லை.

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் என் பக்கமே திரும்பவில்லை. தன் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான். தோல் உரிந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"நான் அடிச்சேன்க்கா," என்றான். அவ்வளவுதான்.

அன்னம்மாள் வந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நாப்பது நிமிசம் என்ன பாபு செஞ்சீக?"

"பந்து ஆடிக்கிட்டிருந்தேன்."

"யாரோட?"

"யாரோடயும் இல்லம்மா. தனியா."

அவளுக்கு அது விளங்கவேயில்லை. குடிபோதை என்றால், தூக்கம் என்றால், பயம் என்றால்கூட அவளுக்குப் புரிந்திருக்கும். தனியாக ஒரு மனிதன் எதற்கு ஆடுவான்? யாரை ஜெயிக்க?

"எனக்கு அதப் பாக்கணும்," என்றாள்.

மூன்று பேரும் மழையில் மேடேறினோம். சிராஜ் பாய் லாந்தரை ஏற்றி வைத்தார். இரும்புச் சத்தம் அன்றைக்கு இரண்டு நாற்பதோடு ஓயவில்லை, கூடத்துக்குள் நுழைந்தபோதும் என் காதில் இருந்தது. அன்னம்மாளுக்கு எதிராளியின் நாற்காலியைக் காட்டினேன். அவள் அதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அதில் உட்காராமல், பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முந்தானையைத் தோளோடு போர்த்திக்கொண்டாள்.

"ஆடுங்க பாபு."

அடித்தேன். விழுந்தது. சத்தம் நின்றது.

பத்துப் பந்துகளை அடுக்கினேன், போட்டேன், அடுக்கினேன். ஒவ்வொன்றையும் தவற விடத்தான் அடித்தேன். அவள் கண்முன் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றுவிடாமல் அரங்கேறியது. என் கண்ணிலிருந்து நீர் வழிந்து துணியில் சொட்டியது. ஈரத் துணியில் பந்து ஓடக் கூடாது. ஓடியது. ஜெகநாதன் கதவோரம் நின்றவன் மெல்ல வெளியே நகர்ந்தான். சேற்று வாடை முட்டியது. லாந்தர் வெளிச்சம் சுருங்கியது.

முப்பது.

நாற்பது.

நாற்பத்து இரண்டு.

நான் குனிந்தேன். என்னால் முடியவில்லை, மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரருக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலில் சொன்னாள்.

"போதும்ங்க. பாபுவ விட்டுருங்க."

என் கை தானாக அசைந்தது. பந்து பையின் விளிம்பில் இடித்து விலகி, மேஜை நடுவே போய் நின்றது.

தவறிவிட்டது.

மூச்சு விட்டேன். பத்து நாளாக நான் மூச்சே விடவில்லை என்று தோன்றியது. அன்னம்மாள் எழுந்தாள். தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். சிராஜ் பாய் குடையோடு அவர்களுக்குத் துணையாகப் போனார். வாசலைத் தாண்டும்போது பின்னால் யாரும் வருகிறார்களா என்று அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மேட்டுப் பாதையில் மூன்று பேரும் இறங்கிப் போவது தெரிந்தது.

நான் கூடத்தில் தனியாக நின்றேன். போய்விட வேண்டும், பெட்டியைக் கட்ட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் தவற விட்டவன் என்ன செய்ய வேண்டுமோ அதை என் கைகள் செய்தன. எதிராளியின் கோலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். நகர்ந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கிரீக்கில் நீர் வடியும் சலசலப்பு மேடு வரைக்கும் கேட்டது.

மேஜையில் கோல் உரசியது.

ஒரு பந்து விழுந்தது.

யாரோ மேஜையைச் சுற்றி நடந்தார்கள். ஒரு கால் நன்றாக ஊன்றியது. இன்னொரு கால் இழுபட்டு வந்தது. நின்றது.

இரண்டாவது பந்து விழுந்தது.

நான் நிமிரவில்லை. எழுந்து ஓடவும் இல்லை. அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக, மேஜையில் மீதியிருந்த எட்டும் விழுந்தன. அதன்பிறகு கூடம் அமைதியானது. முடிந்தது என்று கண்ணைத் திறக்கப் போனேன்.

பைகளிலிருந்து பந்துகளை எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக மறுபடி அடுக்கும் சத்தம் கேட்டது.

நான் காத்திருந்தேன்.